அரிசியளவு பசை

எங்கள் லேப்டாப் அணைந்துபோவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும். குக்கர் விசில் அடிப்பதற்கு முந்தைய நிமிடம் உஸ்ஸென்று ஆவி கிளம்புமே, அந்த மாதிரி. அதன் பிறகு மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோதான், திரை கறுத்துவிடும். திரைக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். மிஸ் மட்டும் காணாமல் போயிருப்பாள்.

நான் ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிரசவத்துக்கு முன்னால் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தேன். பாப்பா பிறந்ததும் அதை விட்டுவிட்டு, மாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை வீட்டிலிருந்தே செய்யக்கூடிய இந்த வேலையைப் பிடித்தேன். நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. கணவருக்குத் திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவு. பைக்கில் வீடு வந்து சேர ஐந்தே முக்கால் ஆகும். அதுவரை வீட்டில் நான், பத்து மாதப் பாப்பா, சூடாகிக்கொண்டே இருக்கும் லேப்டாப். அவ்வளவுதான்.

அந்த மாதம் வகுப்பு நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு வியாழக்கிழமை அவர்களுடைய மேற்பார்வையாளர் என் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார், என்னைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது அவர் எழுதுவதைப் பொறுத்தது என்று. அதைப் படித்ததும் எனக்கு இரண்டு பயம் வந்தது. ஒன்று, லேப்டாப் நடுவில் அணைந்துவிடும். இரண்டு, பாப்பா நடுவில் எழுந்து அழுவாள்.

முதல் பயத்துக்குக் கம்ப்யூட்டர் பாயைக் கூப்பிட்டேன்.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் அவர்தான் வருவார். அன்றும் வந்து, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். மூடியைத் திறந்ததும் காற்றாடிக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற தூசி வந்தது. "இத்த வெச்சி ஒரு தலகாணியே தைக்கலாம் தங்கச்சி" என்றார். பாப்பா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

காற்றாடியைச் சுத்தம் செய்துவிட்டு, அடியிலிருந்த செம்புத் தகட்டைத் தூக்கினார். தகட்டுக்கும் சின்னக் கண்ணாடித்துண்டு போன்ற பிராசசருக்கும் நடுவில் ஏதோ காய்ந்து வெடித்துக் கிடந்தது, நெற்றியில் பூசி மறந்த சந்தனத்தைப் போல. அதுதான் தெர்மல் பேஸ்ட் என்றார். பார்க்க இரண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்குமாம். அந்த இடைவெளியில் காற்று நின்றால் சூடு தகட்டுக்கு ஏறாமல் அங்கேயே தங்கிவிடும். பசை அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சூட்டைக் கடத்தும். காய்ந்துபோனால் கடத்தாது. பழையதைத் துணியால் துடைத்துவிட்டு, பையிலிருந்து புதிய பசையை எடுத்தார். மருத்துவமனைச் சிரிஞ்சைப் போலவே இருந்தது, ஊசி மட்டும் இல்லை. பிராசசரின் நடுவில் ஒரே ஒரு துளி வைத்தார்.

போதுமா என்று கேட்டேன். எனக்கு எதிலுமே அந்தச் சந்தேகம் வரும்.

"ஒரு அரிசி. அவ்ளோதான். நெறைய வெச்சா நெறைய கூல் ஆவும்னு நெனப்பாங்க. ஆவாது. வழிஞ்சி வெளிய வந்து வேற எதையாச்சும் கெடுக்கும்" என்றார்.

அவர் கிளம்பும்போது மிச்சத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். அந்த வியாழக்கிழமை மறுபடியும் சூடாகிவிட்டால், அவர் வர முடியாமல் போனால், வீடியோ பார்த்து நானே வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமாகத்தான் இருக்கும். இது நீங்கள் செய்கிற வேலை இல்லை, கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன் என்றார். நான் விடவில்லை. கடைசியில் சிரிஞ்சைக் கையில் கொடுத்து, "கொயந்தை கீற ஊடு. மேல வைம்மா, கைக்கு எட்டாத எடத்துல" என்றார். உள்ளே இருந்த ரப்பர் மூன்றாவது கோட்டில் நின்றது. நான் கவனித்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு, லேப்டாப் மேசையிலேயே, பேனாக்களோடு வைத்தேன்.

இரண்டாவது பயத்துக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. அதற்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. அதை இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் ஆனபோது தடுப்பூசி போடப் போயிருந்தோம். குழந்தைகள் டாக்டர் கண்டிப்பானவர். நாக்கில் எதையும் தடவாதீர்கள், வசம்பு, உரைமருந்து எதுவும் கூடாது என்று சொன்னார். "நாங்க அதெல்லாம் செய்யறதில்ல டாக்டர்" என்று நான் சொன்னேன். அப்போது அது உண்மை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நான் படித்தவள், பக்கத்தில் காத்திருந்த மற்ற அம்மாக்களைப் போல இல்லை என்பது போல.

எட்டாவது மாதத்தில் பாப்பா பகலில் தூங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். வகுப்பு நடக்கும்போது என் காலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுவாள். ஒரு நாள் பூந்தமல்லிக் கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடை வாசலில் நின்றேன். கடைக்காரரிடம் குழந்தை தூங்குவதில்லை என்று மட்டும் சொன்னேன். "பேர் சொல்லாததுதானே?" என்று சிரித்து, ஒரு துண்டு வசம்பைத் தாளில் மடித்துக் கொடுத்தார். வசம்பின் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்று ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. கணவரிடமும் நான் அதன் பெயரைச் சொல்லவில்லை.

அதை விளக்கெண்ணெயில் தோய்த்துச் சுட்டு, சின்ன உரைகல்லில் இரண்டு சுற்று உரசி, தாய்ப்பாலில் குழைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பசை வரும். அதை விரல் நுனியில் எடுத்து நாக்கில் தடவுவேன். தினமும் இல்லை. வகுப்பு இருக்கிற நாளில் மட்டும். அதாவது வாரத்தில் ஐந்து நாள். கல்லை உடனே கழுவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். இரண்டு சுற்றில் பாப்பா முக்கால் மணி நேரம் தூங்கினாள். வசம்பினால்தான் தூங்கினாளா, அழுது களைத்துத் தூங்கினாளா, தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

மேற்பார்வையாளர் வந்த வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு உரைகல்லை எடுத்தேன். முக்கால் மணி நேரம் போதாது, ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. கணக்கு டீச்சர் என்பதால் எதையும் எண்ணாமல் செய்ய எனக்கு வராது. எண்ணிக்கொண்டேதான் உரசினேன். ஏழு சுற்று.

வகுப்பு நன்றாக நடந்தது. லேப்டாப் மூச்சுக்கூட விடவில்லை. மேசைக்குப் பக்கத்தில் கோரைப்பாயில் பாப்பா அசையாமல் தூங்கினாள். மேற்பார்வையாளர் கடைசியில் பேசி, பிள்ளைகளை அழகாகக் கொண்டுபோகிறீர்கள் என்றார். நான் சிரித்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினால், பாப்பா ஒருக்களித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தூக்கினால் தலை தோளில் நிற்காமல் சரிந்தது. மறுபடி எடுத்தாள். வாயோரத்திலும் மோவாயிலும் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது.

அன்று பார்த்து கணவர் சீக்கிரம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார். பாப்பாவின் வாயைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். கோரைப்பாயின் ஓரத்தில் அந்தச் சிரிஞ்சு கிடந்தது. நான் நோட்டை இழுக்கும்போது மேசையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

"என்ன இது? இதையா வாயில வெச்சா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. சிரிஞ்சின் மூடி மூடியபடியே இருந்ததை நான் பார்த்தேன்.

"பாய் விட்டுட்டுப் போயிட்டாருங்க" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னேன். பாப்பா அதைத் தின்றாள் என்று நான் சொல்லவில்லை. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆட்டோவில் டாக்டரிடம் போகும் வழியில் சிரிஞ்சு என் கையில்தான் இருந்தது. ரப்பர் மூன்றாவது கோட்டிலேயே நின்றது. பூந்தமல்லி சிக்னலில் ஆட்டோ நின்றபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. கணவர் பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டர் சிரிஞ்சை வாங்கி, அதில் இருந்த சீன எழுத்துகளைப் பார்த்துவிட்டு, யாருக்கோ போன் செய்து கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, முன்னால் எவ்வளவு இருந்தது என்றார். தெரியாது என்றேன். "வேற ஏதாவது குடுத்தீங்களா? கிரைப் வாட்டர், நாட்டு மருந்து, எதுவானாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

திட்ட மாட்டேன் என்றுகூடச் சொன்னார்.

"இல்ல டாக்டர்."

பசையில் உலோகம் ஏதாவது கலந்திருக்கலாம் என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பத்து மாதக் குழந்தைக்கு நரம்பு லேசில் கிடைக்காது. வலது கையில் குத்தினார்கள், கிடைக்கவில்லை. இடது கையில் குத்தினார்கள், கிடைக்கவில்லை. மூன்றாவதாகப் பாதத்தில். அதுவரை சோர்ந்து கிடந்தவள் அப்போது வீறிட்டு அழுதாள். நர்ஸ் என்னைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தையில் அதை நிறுத்தியிருக்கலாம். கணவர் பக்கத்தில் நின்றார். டாக்டர் கதவோரம் நின்றார். நான் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இரவு முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை பாப்பா எழுந்து உட்கார்ந்து, என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கணவர் வெளியே போய் நின்று அழுதார். திரும்பி வந்ததும் போனை எடுத்து, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். சிரிஞ்சின் படத்தையும் போட்டார். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர் ரசாயனப் பசையைக் குழந்தை இருக்கும் இடத்தில் அலட்சியமாக விட்டுவிட்டுப் போனார், தயவுசெய்து இனி யாரும் இவரைக் கூப்பிட வேண்டாம் என்று. அவர் எழுதியதில் அவருக்குத் தெரிந்து ஒரு பொய்யும் இல்லை.

குரூப்பில் நூறு வீட்டுக்கு மேல் இருக்கிறார்கள். ஒருவர், எங்கள் வீட்டிலும் திருகாணியைத் தரையில் விட்டுவிட்டுப் போனார் என்றார். இன்னொருவர், எனக்கு அப்போதே அவர் மேல் நம்பிக்கை இல்லை என்றார். ஒருவர் பாயின் மதத்தை வைத்து ஒரு வரி எழுதிவிட்டு உடனே அழித்தார். அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். குடியிருப்பின் கேமராக்களையும் அலுவலகக் கம்ப்யூட்டரையும் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்த மாதம் பாயிடம் கொடுப்பதாக இருந்தது. அது நிறுத்தப்படுகிறது, காவலாளியிடமும் சொல்லியாயிற்று என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. நான் ஒரு பதில் தட்டுவேன், அழிப்பேன். அன்று முழுக்க அதைத்தான் செய்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கீழேயிருந்து காவலாளி இன்டர்காமில் கூப்பிட்டார்.

"மேடம், அந்த கம்ப்யூட்டர் பாய் வந்துகீறாரு. பாப்பாவ பாக்கணுமாம். கையில ஏதோ பழம் வெச்சிகினு நிக்கிறாரு. இன்னா பண்ண?"

பால்கனிக்குப் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெயிலில், கேட்டுக்கு வெளியே, வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. கையில் ஒரு பை. அவர் மேலே பார்க்கவில்லை.

"வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன். "பாப்பா தூங்கறா."

பாப்பா என் இடுப்பில்தான் இருந்தாள். காவலாளிக்கு அவள் சத்தம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வசம்புத் துண்டைக் குப்பையில் போட்டேன். உரைகல்லைப் போட மனம் வரவில்லை, அதைப் போட்டால் ஏதோ நடந்ததை ஒத்துக்கொண்டது போல. என் வகுப்பு தொடர்ந்தது. மேற்பார்வையாளர் நன்றாக எழுதியிருந்தார். நான்கு மணிக்குப் பாப்பாவை எதிர்வீட்டு அக்காவிடம் விட ஆரம்பித்தேன். கேட்டதும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இதை முன்னாலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று பத்து மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து லேப்டாப் மறுபடி உஸ்ஸென்றது. பாப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்காக அதைக் கட்டிலில் மெத்தை மேல் வைத்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன், அடியில் காற்று போக வழியில்லை. இப்போது அது தெரியும். அன்று பசை காய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். பாயைக் கூப்பிட முடியாது. வேறு யாரையும் கூப்பிடத் தைரியம் இல்லை. வீடியோவைப் பார்த்து நானே திறந்தேன். அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில், டாக்டர் திருப்பிக் கொடுத்த அந்தச் சிரிஞ்சு இருந்தது. ஒரு அரிசியளவு வைத்தேன். போதுமா என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் வைத்தேன். அப்புறம் ரப்பரைக் கடைசிவரை தள்ளிவிட்டேன்.

மூடித் திருகாணிகளை முடுக்கிய பிறகுதான் காலியான சிரிஞ்சைப் பார்த்தேன். மூன்றாவது கோடு போய்விட்டது. நான் ஒருநாள் உண்மையைச் சொல்வதாக இருந்தால் என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். தெரியாமல்தான் செய்தேனா என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

லேப்டாப் முன்பைவிட மோசமாகிவிட்டது. போட்டால் ஒரு நிமிடத்தில் அணைந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு அதைப் பையில் போட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பூந்தமல்லிக்குப் போனேன். சொல்லத்தான் போகிறேன் என்று வீட்டில் முடிவு செய்திருந்தேன். பாதி வழி போனதும் லேப்டாப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று மாற்றிக்கொண்டேன். கடை வாசலில் நின்றபோது திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவைத்தான் பார்த்தார். எழுந்து நின்றார். "நல்லா கீதா?" என்றார். நல்லா இருக்கா பாய் என்றேன். இருக்கிற ஒரே நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். மேசைக் காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டு, லேப்டாப்பை வாங்கித் திறந்தார். தகட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இன்னாம்மா இது, பிரியாணிக்கு தயிர் பச்சடி மாரி ஊத்தி வெச்சிகீது. எவன் கைய வெச்சது இதுல?"

"நான்தான் பாய்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு திருகாணி சரியாக இறங்காமல் தகடு சாய்ந்து நின்றிருக்கிறது. பசை நான்கு பக்கமும் வழிந்து பச்சை நிறச் சர்க்யூட் பலகை வரைக்கும் போயிருந்தது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டால் அதை வழித்து வழித்து ஒரு தாளில் சேர்த்தார். சேர்ந்ததைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்த சிரிஞ்சுல இருந்ததா?"

"ஆமாம்."

"நான் குடுத்தது மொத்தமும் இங்கதான் கீது." தாளை என் பக்கம் நகர்த்தினார். "அப்போ கொயந்த இன்னாத்த சாப்ட்டுச்சு?"

அத்தாட்சி போய்விட்டது என்று நினைத்தேனே, அது அங்கே அந்தத் தாளில் குவியலாக இருந்தது. வேலை தெரிந்தவருக்கு அளவு பார்த்தால் போதும்.

"வசம்பு" என்றேன். அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதன் பிறகு மீதியும் வந்தது. வகுப்பு, மேற்பார்வையாளர், ஏழு சுற்று, மூடி மூடியிருந்தது, சிரிஞ்சை நானேதான் கேட்டு வாங்கினேன் என்று வீட்டில் சொல்லாதது, கேட்டில் அவரைத் திருப்பி அனுப்பியபோது பாப்பா விழித்திருந்தது. அவர் துணியால் பிராசசரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

கேமரா வேலை போனதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். குரூப்பில் எழுதியதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நான் மூணு வாரமா சரியா சாப்புடல தங்கச்சி" என்றார். "உன்கிட்ட குடுத்தது என் தப்புதான், கொயந்த கீற ஊட்டுல அத்த வெச்சிட்டு வந்தது என் தப்புதான்னு. பச்சக் கொயந்தைக்கு நம்ம கையால இப்டி ஆயிடுச்சேன்னு. கேட்டாண்ட வந்து நின்னப்போகூட, கண்ணால ஒரு தபா பாத்துட்டா போதும்னுதான் நின்னேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அது எனக்கு லேசாக இருந்திருக்கும். மன்னித்துவிடுங்கள் பாய் என்றேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சொல்ல வேண்டிய எடம் வேற." அவ்வளவுதான் சொன்னார். வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து போனை எடுத்துக் குடியிருப்புக் குரூப்பைத் திறந்தேன். பாப்பா அதைப் பிடுங்கப் பார்த்தாள். பாய் ஒரு பழைய கீபோர்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். முதலில், சிறிய தவறு நடந்துவிட்டது என்று எழுதினேன். அழித்தேன். குழந்தை வேறு ஒரு மருந்தால் பாதிக்கப்பட்டது என்று எழுதினேன். என்ன மருந்து என்று யாராவது கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். அதையும் அழித்தேன். கடைசியில் எழுதியது இதுதான்: பசையைப் பாயிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். மேலே வைக்கச் சொன்னார், நான் வைக்கவில்லை. குழந்தை பசையைத் தின்னவில்லை. குழந்தைக்கு நான் வசம்பு கொடுத்திருந்தேன். டாக்டரிடமும் வீட்டிலும் மறைத்தேன். பாய் மேல் எந்தத் தவறும் இல்லை.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பாய் படிக்கக் கேட்கவில்லை. அவர் அந்தக் குரூப்பிலும் இல்லை. புது சிரிஞ்சிலிருந்து ஒரு துளி வைத்து, தகட்டை இறக்கி, நான்கு திருகாணிகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்.

கணவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"மூணு எடத்துல குத்தினாங்க" என்றார்.

"ஆமாங்க."

"நீதான காலப் பிடிச்சிட்டு இருந்த."

எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அங்கேயே இரு என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் வந்தார். கம்பெனிச் சட்டையோடு கடை வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பாயிடம் நேராகப் போய், "நான் விசாரிக்காம எழுதிட்டேன் பாய்" என்றார். தான் செய்யாத தவறுக்குக் கணவர் தலைகுனிந்து நின்றதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அவர் தோளைத் தட்டி, நீ அப்பன், வேற இன்னா பண்ணுவே என்றார். பாப்பாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். இனிமேல் வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் தங்கச்சி என்றார். இதுவரை வரவில்லை. குரூப்பில் சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். பலர் ஒன்றும் போடவில்லை. ஒரு வரி எழுதி அழித்தவர் இப்போதும் மௌனம்தான். கேமரா வேலை ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது என்று செயலாளர் எழுதினார்.

கடையிலிருந்து நேராக டாக்டரிடம் போனோம். கணவர் அதைத்தான் கேட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. டாக்டர் பாப்பாவின் கோப்பை எடுத்து, அன்றைக்கு எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். சொன்னபடியே திட்டவில்லை. மேலே பசையைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரியை நீளக் கோடு போட்டு அடித்துவிட்டு, பேனாவைத் தாளின் மேலேயே வைத்தபடி, எவ்வளவு கொடுத்தீர்கள் என்றார்.

"வழக்கமா ரெண்டு சுத்து. அன்னைக்கு ஏழு."

எழுதப் போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எண்ணியிருக்கீங்க" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் அந்த எண்ணை எழுதினார்.